கல்குவாரிக்கு நான் சொன்ன நன்றி

எனக்கு ஒரு வியாதி உண்டு. மணி அடித்தால் பேச்சு நின்றுவிடும். வாக்கியம் பாதியில் இருந்தாலும் சரி, வார்த்தையே பாதியில் இருந்தாலும் சரி, வாய் தானாக மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு வரக்கூடிய சாதாரண வியாதிதான். ஆனால் என்னோடு வேலை பார்த்த வேறு எந்த டீச்சரும் இதனால் பெரிதாக எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. நான் இழந்தேன். சரியாகச் சொன்னால், நான் வாயை மூடினேன், என் மகள் இழந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் தாம்பரத்துக்கு மேற்கே மனை விலை இன்னும் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அங்கே ஒரு நகரில் வீடு கட்டிக் குடிபோனோம். பார்க்கப் போன அன்று கொல்லைப்பக்கம் சின்னதாக ஒரு பாறைக்குன்று தெரிந்தது. "மலைக்காத்து வரும் கலா" என்றார் என் வீட்டுக்காரர். (இருபது வருடமாக இதைச் சொல்லிக் காட்டுகிறேன். அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.)

வந்தது காற்றுதான். அதோடு அந்தப் பாறையும் பொடியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்தது. குன்றின் மறுபக்கம் கல்குவாரி. பக்கத்திலேயே கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷர். மத்தியானம் விசில் ஊதி, சிவப்புக் கொடி காட்டி, வெடி வைப்பார்கள். அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையைக் காயப் போட்டால் சாம்பல் நிறத்தில் எடுக்கலாம். சாம்பல் நிறச் சட்டைக்கு மட்டும் ஆபத்தில்லை.

என் மகள் நந்தினிக்கு அப்போது ஏழு வயது. குடிவந்த முதல் வருடத்திலேயே இழுப்பு ஆரம்பித்தது. மூச்சு விடும்போது பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். இரும்புலியூரில் நாங்கள் காட்டிய குழந்தை டாக்டர் தெளிவாகச் சொன்னார். "தூசி இல்லாம பார்த்துக்கிட்டீங்கன்னா வளர வளர தானா போயிடும்மா. தூசியிலேயே இருந்தா கூடவே வளரும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்து எல்லா ஜன்னல்களையும் சாத்தினேன். ஜன்னலைச் சாத்தினால் போய்விடும் என்று நம்புகிற வயது எனக்கு.

அப்போதுதான் அந்தக் குவாரி முதலாளி விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்தார். அதுவரை துண்டு துண்டாகச் சின்னக் குத்தகைகள். அவற்றுக்கு யாரும் நம்மிடம் எதுவும் கேட்கத் தேவையில்லையாம். இப்போது எல்லாத் துண்டையும் சேர்த்து, எங்கள் பக்கச் சரிவையும் எடுக்கப்போவதால், சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். பத்திரிகையில், காணாமல் போனவர்கள் படத்துக்கும் மூல வியாதி விளம்பரத்துக்கும் நடுவே, ஒரு சிறிய அறிவிப்பு வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் சர்வேயர் சார்.

சர்வேயர் சார் எங்கள் தெருக்கோடியில் இருந்தார். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து, முதலாளி தரப்பு கொடுத்திருந்த சுற்றுச்சூழல் அறிக்கை முழுவதையும் படித்துக் குறிப்பெடுத்து வந்தார். அந்தப் பகுதியில் வாழும் உயிரினங்கள் என்று அதில் பெரிய பட்டியல். ஓணான் இருந்தது. கீரி இருந்தது. மூன்று வகைக் காகம், மைனா, தவளை எல்லாம் இருந்தன. நாங்கள் இல்லை. அருகிலுள்ள குடியிருப்பு ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாகப் போட்டிருந்தது. என் கொல்லையில் நின்று உரக்கக் கூப்பிட்டால் குவாரி வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார்.

"டீச்சர், குடியிருப்புலேர்ந்து முந்நூறு மீட்டருக்குள்ள குவாரிக்கு உத்தரவு தரக் கூடாது. ரூல்ல இருக்கு" என்றார் சர்வேயர் சார். "நாம வேற எதுவும் பேச வேண்டாம். தூரத்தைச் சொன்னா போதும். கூட்டத்துல சொல்லணும், பதிவுல ஏறணும். ஏறிட்டா அவனால ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். குவாரி விளிம்பில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி சர்வேயர் சார், மறுமுனையில் என் வீட்டுக்காரர், நோட்டுப் புத்தகத்தோடு நான், எங்கள் மூவரையும் சந்தேகித்த நான்கு தெரு நாய்கள். கடைசியில் எங்கள் கேட்டில் வந்து டேப் முடிந்தது. இருநூற்றுப் பத்து மீட்டர். சர்வேயர் சார் அதை இரண்டு முறை அளக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் அதேதான். அவர் முகத்தில் அன்று பார்த்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

யார் பேசுவது என்று எங்கள் நகர் நலச் சங்கத்தில் கேள்வி வந்தது. ஒரு சங்கத்துக்கு ஒருவர்தான், மூன்று நிமிடம்தான் என்று சொல்லியிருந்தார்கள். நியாயப்படி சர்வேயர் சார் பேசியிருக்க வேண்டும். ஆனால் அவர் இரண்டாவது வாக்கியத்திலேயே எதிராளியை வாடா போடா என்று பேசிவிடுகிறவர். பொங்கல் விழாவில் மைக் செட்காரரையே அப்படிப் பேசி, விழா மைக் இல்லாமல் நடந்திருக்கிறது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளி ஆண்டு விழா, சுதந்திர தின விழா, நகர்ப் பொங்கல் விழா எல்லாவற்றுக்கும் தொகுத்து வழங்குவது நான்தான். "டீச்சர் அழகா பேசுவாங்க" என்றார் சங்கத் தலைவர்.

அழகாகப் பேச வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அழிவு அங்கே ஆரம்பித்தது.

நான்கு பக்கம் எழுதினேன். இதில் என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பையன் கணக்கில் முட்டை வாங்கியிருக்கிறான், அவன் அப்பா வந்து எதிரே நிற்கிறார் என்றால் நாங்கள் எடுத்தவுடன் முட்டையைச் சொல்ல மாட்டோம். "நல்ல பையன் சார், மரியாதை தெரிஞ்சவன், கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று ஆரம்பிப்போம். அவர் முகம் மலர்ந்த பிறகுதான் "ஆனா..." என்று இழுப்போம். பத்து வருட சர்வீஸில் இந்த முறை தோற்றதே இல்லை. ஒரு கல்குவாரியையும் கணக்கில் முட்டை வாங்கிய பையனாக நினைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியரும் தன் பங்குக்குக் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் பள்ளிக்கு சைக்கிள் ஷெட் போட்டுக் கொடுத்தவர் அந்த முதலாளிதானாம். பார்த்துப் பேசச் சொன்னார். கூட்டம் நடக்கப்போவதும் எங்கள் பள்ளி ஹாலில்தான் என்பதால், ஏற்பாடுகளுக்கு என்னையே கொஞ்சம் உதவச் சொன்னார். உதவினேன். நாற்காலி போட்டேன். மேசை விரிப்பு கொண்டுவந்தேன். (நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.)

முந்தின நாள் செல்வி மீன் கொண்டுவந்தாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து எங்கள் நகரில் மீன் விற்பவள். என் வயதுதான். கேட்டில் அன்னக்கூடையை இறக்கியதும் நான் எழுதியதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டினேன். எனக்கு ஒரு ஒத்திகை வேண்டியிருந்தது. முதல் பக்கம் முடிவதற்குள் அவள் ஒரு வஞ்சிரத்தின் மேல் படிந்த தூசியை விரலால் வழித்து எனக்குக் காட்டினாள்.

"இன்னா டீச்சரம்மா, கல்யாணப் பத்திரிகை கணக்கா படிச்சிகினு கீற? தூசி வருது, கொயந்தைக்கு மூச்சு முட்டுது, கல்லு ஒடைக்காதன்னு சொல்லு. அத்தோட எறங்கு."

"அப்படியெல்லாம் எடுத்த எடுப்புல பேச முடியாது செல்வி. சபைன்னு ஒண்ணு இருக்கு" என்றேன். அன்று அவளிடம் பேரம் பேசவில்லை. படிப்பில்லாதவள் என்று பரிதாபப்பட்டேன்.

கூட்டத்தன்று காலை ஹால் நிரம்பி வழிந்தது. முன் வரிசைகளில் எங்கள் ஆட்கள் இல்லை. விடிந்ததும் வேன்களில் குவாரி வேலைக்காரர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குவாரி மூடினால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. வரச் சொன்னார்கள், வந்தார்கள். மேடையில் மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் ஒரு அதிகாரி, அவருக்கு இருபுறமும் வேறு அதிகாரிகள், ஓரத்தில் முதலாளி. வெள்ளைச் சட்டை. வெள்ளை என்றால் வெள்ளை. அவர் வேறு ஊரில் குடியிருந்தார்.

ஆரம்பிக்கும் முன் அந்த அதிகாரி, நேரத்தைக் கணக்கு வைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒரு ஊழியர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. என் பீரோவில் பேச்சுப் போட்டி மணி இருந்தது. மேசையில் வைத்து உள்ளங்கையால் தட்டுகிற பித்தளை மணி. ஓடிப்போய் எடுத்துவந்து, துணியால் துடைத்து, அதிகாரியிடம் கொடுத்தேன். "வெரி குட்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நந்தினி நடு வரிசை ஓரத்தில் அப்பா மடியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். செல்வி கூடையோடு வாசலில் நின்றிருந்தாள். சர்வேயர் சார் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இருநூறு, மறந்துவிடாதே என்று அர்த்தம். நான் வெற்றிச் சின்னம் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

மேடையில் ஏழு பேர். ஏழு பேருக்கும் பதவி சொல்லி, "பெருமதிப்பிற்குரிய" சேர்த்து, "அவர்களே" போட்டேன். ஒருவரை விட்டால் அவர் மனம் நோகும். பிறகு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவருக்கும் ஒரு "அவர்களே" போட்டேன். அதுவரை எந்த மேடையிலும் யாரும் தன்னை அழைக்காததால் அவர் கேமராவை என் முகத்துக்கு அருகே கொண்டுவந்தார்.

அடுத்தது முட்டை வாங்கிய பையனின் நல்ல குணங்கள். நமது மதிப்பிற்குரிய நிறுவனத்தார் பள்ளிக்கு சைக்கிள் ஷெட் கட்டித் தந்ததை நன்றியோடு நினைவுகூர்ந்தேன். கோடையில் தண்ணீர் லாரி அனுப்பியதை நினைவுகூர்ந்தேன். பொங்கல் விழாவுக்கு சீரியல் லைட் தந்ததை நினைவுகூர்ந்தேன். முன் வரிசைகள் கைதட்டின. தன்மானமுள்ள எந்தப் பேச்சாளரும் கைதட்டலின் மேல் பேச மாட்டார். நின்று, சிரித்து, அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அடங்கியதும் இன்னொரு நல்ல குணம். மறுபடி கைதட்டல். முதலாளி எழுந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அதில் ஒரு பத்து விநாடி போயிருக்கும்.

இத்தனை கைதட்டல் எனக்கு ஆண்டு விழாவில்கூட விழுந்ததில்லை. அது யாருடைய கை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

மூன்றாவது பக்கத்தைத் திருப்பி, குரலைக் கொஞ்சம் இறக்கி, "ஆனால்" என்றேன்.

டிங்.

அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பழக்கம். எத்தனையோ பிள்ளைகளை அந்த மணியால் வெட்டியிருக்கிறேன். மணி அடித்த பிறகும் பேசுகிற பிள்ளைக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். என் கை தானாகத் தாளை மடித்தது. என் வாய் தானாக, "வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்" என்றது. இறங்கிவிட்டேன். படியில் கால் வைத்தபோதுகூட, நேரத்துக்கு முடித்தோமே என்று ஒரு சின்னத் திருப்தி இருந்தது.

சர்வேயர் சாருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. திரும்பி மேடையைப் பார்த்தேன். அடுத்த ஆள் மைக்கைப் பிடித்திருந்தார்.

சர்வேயர் சார் எழுந்து நின்று "இருநூத்திப் பத்து மீட்டர்" என்று கத்தினார். சங்கத்தின் சார்பில் ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்றார்கள். அவர் விடவில்லை. எதிர்பார்த்தபடி இரண்டாவது வாக்கியத்தில் ஒருமைக்கு வந்தார். முன் வரிசை முழுக்க எழுந்து கூச்சல் போட்டது. மீட்டர் அந்தக் கூச்சலில் போய்விட்டது.

அதற்கு நடுவில் வாசலிலிருந்து செல்வி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூடையைக் கீழே வைத்தாள், மைக்கைப் பிடித்தாள். "அந்த டீச்சரம்மா வூட்டுப் பாப்பாக்கு மூச்சு வுட முடியல. அவங்க சொல்ல வந்தது அதான். என் மீனெல்லாம் மண்ணாவுது. கல்லு ஒடைக்காத." எண்ணிப் பார்த்தால் அரை நிமிடம்கூட இருக்காது. மணி அடிக்க அவகாசமே கொடுக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பேசியதோடு நான்கு பக்கத்தை எழுத்திலும் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தேன். அதிலும் முதல் இரண்டு பக்கம் பாராட்டுதான். வாங்கிய ஊழியர் முதல் பக்கத்தைப் பார்த்தார், புன்னகைத்தார், ஒரு காகிதக் கட்டுக்குள் செருகினார்.

சில மாதம் கழித்து அனுமதி வந்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, சர்வேயர் சார் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலை வாங்கிவந்தார். சங்கக் கூட்டத்தில் வாசித்தார். குரலில் எந்தக் கோபமும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "அப்பகுதியில் வசிக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர், நிறுவனத்தின் சமூகப் பணிகளைப் பாராட்டிப் பேசினார்." அவ்வளவுதான். நான் சொன்ன "ஆனால்" அதில் இல்லை. செல்வியைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: "மீன் வியாபாரி ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார். விசாரித்ததில் அவர் அப்பகுதியைச் சேர்ந்தவர் அல்ல." சர்வேயர் சார் பற்றி, "சிறிது சலசலப்பு ஏற்பட்டது."

குடியிருப்பு ஒன்றரை கிலோமீட்டர் தூரத்திலேயே இருந்தது. ஓணானும் கீரியும் பத்திரமாக இருந்தன.

குறிப்பை மடித்து வைத்துவிட்டு சர்வேயர் சார் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "பரவாயில்ல டீச்சர். நல்லா பேசினீங்க." அதன் பிறகு எதிரே பார்த்தால் சிரிப்பார். மீட்டரைப் பற்றிப் பேசவே மாட்டார். செல்விதான் பச்சையாகக் கேட்டாள். "நன்றி சொன்னியே, ஒரு லோடு ஜல்லியாவது குட்த்தானா டீச்சரம்மா?" அவள் கேட்டபோது அழுகை வந்தது. அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, நான் அழுது முடிக்கும் வரை கேட்டில் நின்றாள்.

எங்கள் பக்கச் சரிவையும் உடைத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் உடைத்தார்கள். கல் தீர்ந்த பிறகு போய்விட்டார்கள். இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கிற ஒரு பள்ளம் இருக்கிறது. வீட்டை விற்கப் பார்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்காரும் முன் கைக்குட்டையால் துடைத்தார்கள், திரும்பி வரவில்லை. டாக்டர் சொன்னது அப்படியே பலித்தது. நந்தினி வளர்ந்தாள். கூடவே அதுவும் வளர்ந்தது. அவள் கைப்பையில் செல்போனுக்கு முன்னால் இன்ஹேலர்தான் போகும்.

வீட்டில் இது நகைச்சுவையாகத்தான் இருக்கிறது. நான் எதையாவது சுற்றி வளைத்து ஆரம்பித்தால் நந்தினி பக்கத்தில் இருக்கிற டம்ளரை ஸ்பூனால் தட்டுவாள். டிங். நான் நின்றுவிடுவேன், இன்றைக்கும். பெரியப்பா வீட்டில், சித்தி வீட்டில், எல்லா டம்ளர்களும் இதற்குப் பழகிவிட்டன. வாட்ஸப் குடும்பக் குழுவில் நான் நீளமாக ஏதாவது போட்டால் வரிசையாக மணிப் படம் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே நந்தினியின் மூச்சைக் கேட்பேன். கதவுச் சத்தம் இருக்கிறதா, இல்லையா.

போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. நல்ல மாதிரியான மனிதர்கள். காபி கொடுத்த பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று நான் ஆரம்பித்தேன். "பெரியவங்க நீங்க இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்திருக்கீங்க, எங்க வீட்டுக்காரர் சார்பிலயும் என் சார்பிலயும்..."

டிங்.

புடவையும் பூவுமாக உட்கார்ந்திருந்த பெண், காபி டம்ளரைத் தட்டிவிட்டு, ஸ்பூனைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, எனக்கு ஆஸ்துமா இருக்கு. தினமும் இன்ஹேலர் எடுக்கறேன். இதைத்தான் அம்மா இன்னும் அரை மணி நேரத்துல சொல்லியிருப்பாங்க."

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, எப்பலேர்ந்துமா, என்று கேட்டார்.

"எங்கம்மா ஒரு பேச்சுப் போட்டியில கலந்துக்கிட்டதுலேர்ந்து" என்றாள் நந்தினி.

அவர்களுக்குக் கதை தெரியாது. ஆனாலும் அவள் சொன்ன விதத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன், பழக்கம். அடங்கியதும், யாரும் கேட்காமலேயே, அவர்கள் மூவரையும் பார்த்துச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்கும் குவாரிக்கும் இருநூத்திப் பத்து மீட்டர்."

நந்தினி ஸ்பூனை எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியவில்லை. மரியாதை தெரிந்தவர், பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று நினைத்தார்.

"அப்படியா, பக்கம்தான்" என்றார்.

"ஆமாங்க. பக்கம்தான்" என்றேன்.